7. வெளிச்சத்தைத் தடுக்கும் துணி உறைகள்

அருங்காட்சியகத்தில் ஒரு பழைய புடவையின் முன் பார்வையாளர் நிற்கும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடம்தான். புடவையின் மேல் வெளிச்சமோ காலையில் கதவு திறந்ததிலிருந்து மாலையில் பூட்டும்வரை விழுந்துகொண்டே இருக்கிறது. யாரும் பார்க்காத நேரத்தில் விழும் வெளிச்சத்தால் எவருக்கும் பயனில்லை, சாயத்துக்குத்தான் கேடு. அந்த நேரத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவது துணி உறையின் வேலை. மின்சாரம் தேவையில்லை, வெளிநாட்டிலிருந்து எதுவும் வரவழைக்க வேண்டியதில்லை, உள்ளூர்த் தையற்காரரே தைத்துவிடுவார். ஆனால் துணியைத் தவறாகத் தேர்ந்தாலும், தைத்த உறையை அன்றாடம் கவனிக்க ஆளில்லாமல் விட்டாலும், அதே உறை பொருளைக் கெடுக்கும். எந்தப் பொருளுக்கு உறை வேண்டும், என்ன துணி வாங்குவது, எப்படித் தைப்பது, யார் பராமரிப்பது என்பவற்றை இந்த அத்தியாயத்தில் வரிசையாகப் பார்ப்போம்.

வெளிச்சத்துக்கும் கணக்கு உண்டு

வெளிச்சத்தின் அளவை லக்ஸ் என்ற அலகில் சொல்கிறோம். உச்சிவெயிலில் வெட்டவெளியில் அது 1,00,000 லக்ஸ்வரை போகும். வெயில் நேராக விழாத ஜன்னலோரத்திலேயே பகலில் ஆயிரக்கணக்கில் இருக்கும். சாயமேற்றிய துணி, நீர்வண்ண ஓவியம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ், எண்ணெய் வண்ண ஓவியத்துக்கும் மரச்சாமானுக்கும் 200 லக்ஸ் என்பது உலகெங்கும் அருங்காட்சியகங்கள் பின்பற்றிவரும் உச்சவரம்பு.

லக்ஸ் மட்டும் தெரிந்தால் போதாது. எத்தனை மணி நேரம் என்பதும் வேண்டும். இரண்டையும் பெருக்கினால் வருவது லக்ஸ்-மணி. 500 லக்ஸில் ஒரு மணி நேரம் வைத்தாலும் 50 லக்ஸில் பத்து மணி நேரம் வைத்தாலும் கணக்கு ஒன்றுதான். இந்தக் கணக்கு கூடிக்கொண்டே போகும், குறையாது. இருட்டறையில் பத்து வருடம் ஓய்வு கொடுத்தாலும் போன நிறம் திரும்பாது. துவைத்தோ மருந்து பூசியோ எந்த நிபுணராலும் அதை மீட்க முடியாது.

சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 2004-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மிக எளிதில் மங்கும் பொருள்களுக்கு ஆண்டுக்கு 15,000 லக்ஸ்-மணியும், அதற்கு அடுத்த நிலைப் பொருள்களுக்கு 1,50,000 லக்ஸ்-மணியும் போதும் என்கிறது. இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேசை வடிவக் கண்ணாடிப் பெட்டி ஒன்றில் 200 லக்ஸ் வெளிச்சம் விழுகிறது. நாளுக்கு 7 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் காட்சி. மொத்தம் 4,20,000 லக்ஸ்-மணி. அதே பெட்டிக்கு மூடுதுணி போட்டு, தினமும் ஐம்பது பேர் ஆளுக்கு ஒரு நிமிடம் தூக்கிப் பார்த்தால், ஆண்டுக்கு 250 மணி நேரம்தான் பொருள்மேல் வெளிச்சம் படும். அப்போது கணக்கு 50,000. முன்பிருந்ததில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. விளக்கையும் 50 லக்ஸுக்குக் குறைத்தால் 12,500 ஆகிவிடும். மிகக் கடுமையான வரம்புக்கும் உள்ளேயே வந்துவிட்டோம்.

“எல்.இ.டி. விளக்கு போட்டுவிட்டோம், அதில் புற ஊதாக் கதிர் இல்லையே” என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். புற ஊதாக் கதிர் இழைகளை நைந்துபோகச் செய்வது உண்மை. அது குறைவது நல்லதுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே சாயத்தை மங்கவைக்கும். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும் படலம் புற ஊதாவைத் தடுக்கும், மீதியை உள்ளே விட்டுவிடும். அடர்த்தியான துணி இரண்டையும் சேர்த்து நிறுத்துகிறது.

பழைய வழக்கம்தான்

துணியால் மூடுவது அருங்காட்சியகங்கள் கண்டுபிடித்த முறை இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபுக்களின் மாளிகைகளில் பட்டு விரித்த நாற்காலிகள் பெரும்பாலான நாள்கள் கட்டம்போட்ட பருத்தி அல்லது லினன் உறைக்குள்தான் இருந்தன. விருந்தினர் வரும் நாளில் உறையைக் கழற்றுவார்கள். கென்ட் மாவட்டத்தில் வாழ்ந்த சூசன்னா வாட்மன், 1776-இல் வேலையாட்களுக்காக எழுதத் தொடங்கிய வீட்டுக் குறிப்புகளில், எந்த அறைக்குள் எப்போது வெயில் வரும், அப்போது எந்தத் திரையை இறக்க வேண்டும் என்றுகூடச் சொல்லியிருக்கிறார். இன்று பிரிட்டனில் பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அந்த வழக்கத்தையே தொடர்கிறது. குளிர்காலத்தில் மாளிகையைப் பார்வையாளர்களுக்கு மூடும்போது ஜன்னல்களை அடைத்து, சாமான்கள் ஒவ்வொன்றுக்கும் உறை போடுகிறார்கள். இமயமலைப் பகுதியின் பௌத்த மடாலயங்களில் தங்கா ஓவியங்களின் மேல் ஒரு பட்டுத்திரை தொங்கும். நம் நாட்டில் சுவடிகளைத் துணியில் சுற்றிக் கட்டி வைத்தார்கள்.

மூடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் சாட்சி. கையெழுத்திட்ட அந்தத் தோல் ஆவணம் 1841 முதல் 35 ஆண்டுகள் வாஷிங்டனில் காப்புரிமை அலுவலகக் கட்டடத்தில் ஜன்னலுக்கு எதிரே மாட்டப்பட்டிருந்தது. இன்று அதன் கையெழுத்துகளில் பலவற்றைப் படிப்பதே கடினம். அந்நாட்டின் தேசிய கீதத்துக்குக் காரணமான பெரிய கொடியைக் காப்பாற்ற ஸ்மித்சோனியன் நிறுவனம் 1980-களில் வேறு வழி கண்டது. கொடிக்கு முன்னால் ஒளி புகாத திரை ஒன்றைப் போட்டு, மணிக்கு ஒருமுறை சில நிமிடங்கள் மட்டும் விலக்கினார்கள். பார்வையாளர்கள் அதற்காகக் காத்திருந்தார்கள்.

எதற்கு உறை, எதற்கு வேண்டாம்

உங்கள் சேகரிப்பை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் வகைக்கு உறை கட்டாயம். பட்டு, சாயமேற்றிய பருத்தி, நீர்வண்ண ஓவியம், அச்சுப்படம், வண்ணப் புகைப்படம், கையால் வண்ணம் தீட்டிய பழைய புகைப்படம், பேனா மையில் எழுதிய கடிதம், இறகு, சாயமேற்றிய தோல் ஆகியவை இதில் வரும். தோல்பாவைகளை இந்த வகையில் சேர்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். பின்னால் விளக்கு வைத்து ஆட்டியவைதானே, வெளிச்சம் அவற்றுக்குப் பழக்கம்தானே என்று நினைப்பது தவறு. கூத்து நடந்த சில இரவுகளுக்கும், ஆண்டு முழுக்கக் காட்சியில் இருப்பதற்கும் கணக்கில் பெரிய வேறுபாடு உண்டு.

சாயங்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. அவுரி நீலமும் சாயவேர்ச் சிவப்பும் ஓரளவு தாங்கும். மஞ்சள் தாங்காது, மஞ்சளில் நனைத்த துணியை நிழலில் உலர்த்த வேண்டும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பழைய சித்திரத் துணிகளில் இலைகள் இப்போது நீலமாகத் தெரிவதைப் பார்க்கலாம். அவுரியின் மேல் மஞ்சள் பூசித்தான் பச்சை உண்டாக்கினார்கள். மஞ்சள் போய்விட்டது, நீலம் மிஞ்சியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் வந்த முதல் செயற்கைச் சாயங்கள் பலவும் எளிதில் மங்குபவையே. அந்தக் காலத்துத் துணிகளைச் சந்தேகத்தோடு அணுகுங்கள்.

இரண்டாம் வகைக்கு அருங்காட்சியகம் மூடியிருக்கும் நேரத்தில் மட்டும் உறை போதும். எண்ணெய் வண்ண ஓவியம், மெருகிட்ட மரச்சாமான், தந்தம் ஆகியவை இதில் அடங்கும். எண்ணெய் ஓவியத்தையும் தந்தத்தையும் நிரந்தரமாக இருட்டில் வைக்கக் கூடாது. எண்ணெயும் தந்தமும் இருட்டில் மஞ்சளிக்கும். நெடுநாள் மூடியே கிடந்த பியானோவின் கட்டைகள் பழுப்பேறுவது அதனால்தான். இரவிலும் விடுமுறையிலும் மூடி, காட்சி நேரத்தில் அளவான வெளிச்சத்தில் வையுங்கள்.

மூன்றாம் வகைக்கு உறை தேவையே இல்லை. கற்சிலை, பொன், சுட்ட மண், வண்ணம் பூசாத செப்புத்திருமேனி ஆகியவற்றை வெளிச்சம் கெடுக்காது. செப்புத்திருமேனியைத் துணியால் மூடினால் மேற்பரப்பில் பச்சைப் பொடி பூப்பது கண்ணில் படாமல் போகும் அபாயமும் உண்டு. துணியையும் தையற்கூலியையும் முதல் வகைக்குச் செலவிடுங்கள்.

துணிக்கடையில்

வாங்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்: இந்தத் துணி பொருளைத் தொடுமா, அல்லது கண்ணாடிக்கு வெளியே இருக்குமா? வெளியே இருப்பதென்றால் ஒளி புகாமையும் உழைப்பும் போதும். தொடுவதென்றாலோ, பொருளோடு ஒரே மூடிய இடத்தில் இருப்பதென்றாலோ, கட்டுப்பாடுகள் கூடும்.

பொருளைத் தொடும் உறைக்கு மூன்று அடுக்கு நல்லது.

வெளி அடுக்கு, வெளுக்காத காடாத் துணி. நெருக்கமான நெசவாகப் பாருங்கள். வெளிர்நிறம் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் திருப்பி அனுப்பும். தூசி படிவதும் கண்ணுக்குத் தெரியும்.

நடு அடுக்கு, கறுப்புப் பருத்தி டிரில். ஒளியை நிறுத்துவது இதுதான். காடா மட்டும் எத்தனை தடிமனாக இருந்தாலும் கொஞ்சம் ஒளியை விடும்.

உள் அடுக்கு, நன்றாகத் துவைத்த வெள்ளை மல் அல்லது மென்மையான பாப்ளின். கறுப்புச் சாயம் பொருளில் ஒட்டாமல் இது காக்கும்.

கண்ணாடிக்கு வெளியே போடும் மூடுதுணிக்கு முதல் இரண்டு அடுக்கு போதும்.

சில வகைகளைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் தவிர்த்துவிடுங்கள். ரெக்சின், பின்புறம் ரப்பரோ நுரையோ பூசிய “பிளாக் அவுட்” திரைகள் நம் வெப்பத்தில் பிசுபிசுக்கும். அவற்றிலிருந்து வெளிவரும் ஆவி பொருளைத் தாக்கும். கம்பளியிலும் கம்பளி ஃபெல்ட்டிலும் கந்தகம் இருப்பதால் வெள்ளியும் ஜரிகையும் கறுக்கும். அந்துப் பூச்சியும் தேடி வரும். சுருக்கம் விழாத, நீர் ஒட்டாத, தீப்பிடிக்காத என்று மருந்திட்ட துணிகளும் வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய வண்ணப் புடவையை உறையாக்கும் யோசனையும் வேண்டாம். அதன் சாயத்துக்கு யார் பொறுப்பு?

வாங்கியதை வெட்டும் முன் இரண்டு முறை வெந்நீரில் துவைக்க வேண்டும். புதுக் காடாவில் கஞ்சி இருக்கும். இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி விருந்து. முதல் துவைப்பில் துணி சுருங்கவும் செய்யும். துவைக்காமல் தைத்த உறை, பிறகு துவைத்ததும் பொருளுக்குப் போதாமல் போகும். சோப்பைக் கொஞ்சமாகப் பயன்படுத்திப் பலமுறை அலசுங்கள். நீலம், வெண்மையூட்டி, வாசனைத் திரவம் எதுவும் சேர்க்க வேண்டாம்.

மூன்று சோதனைகள்

ஒளிச் சோதனை: லக்ஸ் மீட்டரை ஜன்னலோரம் வைத்து அளவு எடுங்கள். உணர்பகுதியின் மேல் துணியை விரித்து மீண்டும் எடுங்கள். 2,000 லக்ஸ் இருந்த இடத்தில் துணிக்கடியில் 20 வந்தால் நூற்றில் ஒரு பங்கு ஒளி உள்ளே போகிறது என்று அர்த்தம். அடுக்கு சேர்த்துச் சேர்த்துப் பார்த்து, மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும் கூட்டணியைத் தேர்ந்தெடுங்கள். மீட்டர் இல்லையென்றால் கைபேசிச் செயலி உதவும். அதன் எண்கள் துல்லியமாக இருக்காது. ஆனால் இரண்டு துணிகளை ஒப்பிட அது போதும்.

சாயச் சோதனை: வெள்ளைப் பருத்தித் துண்டை நனைத்து, கறுப்புத் துணியின் மேல் அழுத்தித் தேயுங்கள். இன்னொரு துண்டை ஈரத்தோடு அதன்மேல் வைத்து, கனமான புத்தகம் ஒன்றை ஏற்றி ஒரு இரவு விடுங்கள். துளி நிறம் ஒட்டினாலும் அந்தத் துணி வேண்டாம்.

ஆவிச் சோதனை: இதை நீங்களாகச் செய்ய முடியாது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஆடி 1973-இல் வகுத்த முறை இது. துணித் துண்டோடு வெள்ளி, செம்பு, ஈயம் ஆகியவற்றின் தகடுகளை மூடிய குப்பியில் சிறிது ஈரத்துடன் வைத்து, 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் விடுவார்கள். தகடு கறுத்தாலோ பூத்தாலோ அந்தத் துணி பொருளுக்கு அருகில் வரக் கூடாது. வெள்ளி, ஜரிகை, ஈயம் கலந்த பொருள்களுக்கு உறை தைப்பதாக இருந்தால் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் ஒன்றின் ஆலோசனையைக் கேளுங்கள். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் அத்தகைய ஆய்வுக்கூடம் இயங்கிவருகிறது.

மேசைப் பெட்டிக்கு மூடுதுணி

சிறிய அருங்காட்சியகம் முதலில் தைக்க வேண்டியது இதுதான். செலவு குறைவு, பலன் அதிகம், பொருளை யாரும் தொட வேண்டியதும் இல்லை.

1. கண்ணாடியின் நீள அகலத்தை அளந்து, முன்னும் இருபக்கமும் 5 சென்டிமீட்டர் கூடுதலாகவும், பின்பக்கம் பொருத்துவதற்கு 10 சென்டிமீட்டர் கூடுதலாகவும் வெட்டுங்கள். பெட்டியின் பக்கங்களும் கண்ணாடி என்றால் பக்கத் துணி மரச்சட்டம்வரை இறங்க வேண்டும். பக்கவாட்டில் புகும் வெளிச்சத்தை அலட்சியம் செய்தால் பாதி உழைப்பு வீண்.

2. காடா வெளியே, கறுப்பு டிரில் உள்ளே இருக்கும்படி இரண்டையும் சேர்த்து ஓரம் மடித்துத் தையுங்கள். நடுவிலும் இரண்டு மூன்று வரி ஓட்டுத் தையல் போட்டால் அடுக்குகள் விலகாது.

3. பெட்டியின் பின்சட்டத்தில் ஒரு நீள மரத்துண்டைப் பொருத்தி, துணியை அதில் வெல்க்ரோவால் ஒட்டுங்கள். வெல்க்ரோவின் கொக்கிப் பக்கம் மரத்திலும் மென்மையான பக்கம் துணியிலும் இருக்கட்டும். ஆணியடித்து நிரந்தரமாக்கிவிட்டால் துவைக்கக் கழற்ற முடியாது. திருகாணி போடும் நாளில் பொருள்களை வெளியே எடுத்துவிடுங்கள்.

4. முன் ஓரத்து மடிப்புக்குள் மெல்லிய அலுமினியப் பட்டை ஒன்றைச் செருகுங்கள். அந்தக் கனத்தால் துணி தானாகவே விழும். பட்டை கண்ணாடியின் மேல் விழாமல், சட்டத்தைத் தாண்டித் தொங்கும்படி நீளம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்றாவது ஒரு நாள் கண்ணாடி உடையும்.

5. நடுவில் கைப்பிடியாக வேறு நிறத் துணிப்பட்டை ஒன்று தைத்து வையுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் பிடித்தால் அழுக்கும் அந்த ஒரு இடத்தில்தான் சேரும்.

6. தூக்கிய துணியை மாட்டி வைக்கக் கொக்கியோ கயிறோ தராதீர்கள். தந்தால் முதலில் வருபவர் மாட்டிவிட்டுப் போய்விடுவார். மாலைவரை பெட்டி திறந்தே கிடக்கும்.

7. ஒரே அளவில் இரண்டு தையுங்கள். ஒன்று துவைக்கப் போகும்போது மற்றது பெட்டியில் இருக்கும்.

துணி மூடியிருந்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைத்துக் கடந்து போகிறவர்கள் உண்டு. எனவே உள்ளிருக்கும் பொருளின் படமும் பெயரும் துணியின் மேலோ பக்கத்திலோ தெரிய வேண்டும். துணியைத் தூக்க முடியாதவர்களுக்கும் அது பயன்படும். அறிவிப்பு ஒன்றிரண்டு வரியில் இருக்கட்டும்: “துணியைத் தூக்கிப் பாருங்கள். பார்த்தபின் மெல்ல விடுங்கள். இந்தச் சாயம் வெளிச்சத்தில் மங்கும்.” வெறும் “தொடாதீர்கள்” என்ற பலகைகளுக்கு நடுவில் “தூக்கிப் பாருங்கள்” என்ற அழைப்பு பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். காரணத்தையும் சொன்னால் அவர்களே அடுத்தவருக்கு எடுத்துச் சொல்வார்கள்.

மற்ற உறைகள்

சுவரில் மாட்டிய சட்டத்துக்குத் திரை: திரைக் கம்பியைச் சட்டத்தில் மாட்டாமல் சுவரில் பொருத்துங்கள். சட்டத்தின் இருபுறமும் 10 சென்டிமீட்டர் நீண்டு, சட்டத்தின் முகத்திலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி நிற்கட்டும். துணி, மூட வேண்டிய அகலத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இருந்தால்தான் மடிப்புகள் விழுந்து இடைவெளி அடையும். இழுக்கக் கயிறு பக்கவாட்டில் இருக்க வேண்டும். கண்ணாடி போடாத ஓவியத்துக்கு முன்னால் அசையும் திரை வேண்டாம். தஞ்சாவூர் ஓவியம் போல மேடாக்கிக் கற்கள் பதித்த பரப்பில் துணி ஒரு முறை உரசினாலே ஏதாவது பெயர்ந்து வரலாம்.

பல்லக்கு, நாற்காலி, வீணை போன்றவற்றுக்கு முழு உறை: முதலில் மலிவான காடாவில் ஒரு மாதிரி தைத்துப் போட்டுப் பாருங்கள். இறுக்கமான உறை கழற்றும்போதெல்லாம் உரசும், தளர்வாகவே இருக்கட்டும். தையல் மடிப்புகள் வெளிப்பக்கம் வர வேண்டும். பித்தான், ஜிப், ஊக்கு எதுவும் வேண்டாம். பருத்தி நாடா போதும். நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பாகங்கள் இருந்தால் துணியின் பாரம் அவற்றின் மேல் விழாதபடி அலுமினியக் கம்பியில் ஒரு கூண்டு செய்து, உறையை அதன்மேல் போடுங்கள். உறையின் கீழோரம் தரையைத் தொடக் கூடாது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலேயே நிற்கட்டும். தொட்டால், தரை துடைக்கும் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும்.

ஒவ்வொரு உறையிலும் பொருளின் பதிவு எண், சிறு படம், முன்பக்கம் எது என்ற குறி மூன்றும் வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே ஆளாளுக்கு உறையைத் தூக்குவதை இது நிறுத்தும்.

சேமிப்பு அறை: அலமாரிகளின் முன் கூரையோரத்திலிருந்து தரைக்குச் சற்று மேல்வரை ஒரே காடாத் திரை தொங்கவிட்டால், அறைக்குள் யாராவது விளக்கைப் போட்டு மறந்து போனாலும் பொருளுக்குப் பாதகமில்லை. ஜன்னலுக்கும் தனித்திரை போடுங்கள். பொருளுக்கு உறையும் ஜன்னலுக்குத் திரையும் சேர்ந்தால் ஒன்று தவறினாலும் மற்றது காக்கும்.

ஈரமும் பூச்சியும்

உறைக்குள் இருட்டு, காற்றோட்டம் குறைவு, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பூஞ்சைக்கும் பூச்சிக்கும் அதைவிட வசதியான இடம் வேண்டுமா? ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் ஈரம் ஏறும்போது இந்த அபாயம் கூடும். எனவே பருத்தி போன்ற காற்றுப் புகும் துணியே வேண்டும். துணி உறையின் மேல் பாதுகாப்புக்காகப் பிளாஸ்டிக் விரிப்பதும் தவறு. சுவரில் ஓதம் இருந்தால் உறை எதையும் தீர்க்காது. முதலில் பொருளை அந்தச் சுவரிலிருந்து நகர்த்துங்கள்.

மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையும் மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறையும் உறையைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாசனை கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும். தையல் மடிப்புகளில் பூச்சி எச்சம், மரச்சாமானின் காலடியில் மாவு போன்ற தூள், கரையான் மண் ஆகியவற்றைத் தேடுங்கள். அந்துருண்டையை உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். மூடிய இடத்தில் அதன் ஆவி செறிந்து பொருளுக்கும், திறக்கும் ஊழியருக்கும் கேடு செய்யும்.

விளக்கு உள்ளே எரியும் கண்ணாடிப் பெட்டியை மூடுவதாக இருந்தால் முதலில் விளக்கை அணையுங்கள். மூடிய பெட்டிக்குள் வெப்பம் தேங்கும். ஒளியும் பொருள்மேல் விழுந்துகொண்டேதான் இருக்கும்.

யார், எப்போது

உறை தைப்பதைவிடக் கடினம், அதை நாள்தோறும் பயன்படுத்துவது. ஒரு ஊழியரின் பெயரும் அவர் விடுப்பில் போனால் பார்ப்பவரின் பெயரும் பணிப்பட்டியலில் எழுதப்பட வேண்டும். காலையில் பெருக்கித் துடைக்கும்வரை எல்லா உறைகளும் மூடியே இருக்கட்டும். கதவு திறப்பதற்குச் சற்று முன் கழற்றினால் போதும். தூய்மைப் பணிக்கு முழு வெளிச்சம் வேண்டும், பொருளுக்கு வேண்டாம். மாலையில் கடைசிப் பார்வையாளர் வெளியேறியதும் முதல் வேலை உறை, கணக்கு வழக்கெல்லாம் பிறகு.

பெரிய உறையைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். நேர்மேலே தூக்க வேண்டும், இழுக்கக் கூடாது. கழற்றியதும் தூசிபட்ட வெளிப்பக்கம் உள்ளே போகும்படி மடித்துக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோய் உதறுங்கள். காட்சிக்கூடத்தில் உதறினால் தூசி மறுபடி பொருள்மேல்தான் உட்காரும். தூசிப் பக்கமும் பொருளைத் தொடும் பக்கமும் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படப்பிடிப்புக்கு வருகிறவர்களிடமும் கணக்குப் பேசலாம். 2,000 லக்ஸ் விளக்கைப் பத்து நிமிடம் அடித்தால் 333 லக்ஸ்-மணி; 50 லக்ஸில் ஏறத்தாழ ஒரு முழு நாள் காட்சிக்குச் சமம். ஒத்திகையும் விளக்கு அமைப்பும் உறை மூடிய நிலையிலேயே நடக்கட்டும். கேமரா ஓடும்போது மட்டும் திறவுங்கள்.

உறை இருக்கிறது என்பதற்காக ஒரே பொருளை வருடக்கணக்கில் காட்சியில் விட்டுவிடக் கூடாது. முதல் வகைப் பொருள்களைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றி, இருட்டான சேமிப்பறைக்கு அனுப்புங்கள்.

உறை வேலை செய்கிறதா?

இதற்கென்றே நீலக் கம்பளி அட்டை என்ற ஒன்று விற்கிறது. எட்டு நீலப் பட்டைகள். முதல் பட்டை மிக விரைவில் மங்கும், எட்டாவது மிகத் தாமதமாக. அட்டையின் பாதியை அலுமினியத் தாளால் மூடி, உறைக்கு வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றும் வைத்து ஆறு மாதம் கழித்து ஒப்பிடுவார்கள்.

அது கிடைக்காத ஊரில் மஞ்சளே உதவும். வெள்ளைப் பருத்தித் துணியை மஞ்சள் கரைத்த நீரில் நனைத்து நிழலில் உலர்த்தி, மூன்று துண்டாக வெட்டுங்கள். ஒன்றைக் காகித உறையிலிட்டு மேசை இழுப்பறையில் வையுங்கள். ஒன்றை மூடுதுணிக்கு வெளியே, பெட்டிக்குப் பக்கத்தில் அட்டையில் ஒட்டுங்கள். ஒன்றை மூடுதுணிக்கு அடியில், கண்ணாடிக்கு மேல் ஓரமாக வையுங்கள். பெட்டிக்குள் வைக்கக் கூடாது; மஞ்சள் ஒட்டும். சோப்புக் கையோடு தொட்டால் சிவந்துவிடும் என்பதால் சோதனையும் கெடும். மாதம் ஒருமுறை மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளியில் இருந்தது வெளுத்து, அடியில் இருந்தது இழுப்பறைத் துண்டை ஒட்டியே இருந்தால் உறை சரி. அடியில் இருந்ததும் வெளுத்திருந்தால் துணி வழியாகவோ ஓரம் வழியாகவோ ஒளி புகுகிறது. அல்லது மூடுதுணி பாதி நாள் திறந்தே கிடக்கிறது. எது என்று அறிய, ஒரு நாள் முழுக்க மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்துக் குறித்துவிடுங்கள்.

தொடங்கும் வரிசை

முதல் வாரம்: எல்லாக் காட்சிப் பெட்டிகளிலும் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் லக்ஸ் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். வெயில் நேராக விழும் இடம் எதுவானாலும் அங்கிருக்கும் பொருளை அன்றே நகர்த்துங்கள். அதற்கு உறை தைக்கக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டாம் வாரம்: முதல் வகைப் பொருள்களில் அதிக லக்ஸ்-மணி வாங்குவது எது என்று கணக்கிட்டு, ஒரே ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். துணி வாங்கித் துவைத்துச் சோதியுங்கள்.

மூன்றாம் வாரம்: அந்தப் பெட்டிக்கு இரண்டு மூடுதுணிகள் தைத்து ஒன்றைப் பொருத்துங்கள். அறிவிப்பு எழுதுங்கள். மஞ்சள் துண்டுகளை வையுங்கள்.

அதன்பின் ஒரு மாதம் பார்த்துவிட்டு, பார்வையாளர்கள் துணியை எங்கே பிடிக்கிறார்கள், எது கிழிகிறது, எந்த ஓரத்தில் ஒளி புகுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு வெட்டு அளவைத் திருத்துங்கள். அடுத்த பெட்டிக்குத் திருத்திய அளவிலேயே தைக்கலாம். எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் துணி வாங்கிக் குவிப்பதைவிட, ஒன்றை முழுமையாகச் செய்து பழகிய ஊழியரே அடுத்தவற்றையும் ஒழுங்காகக் கவனிப்பார்.